பக்கத்துக்கு ஆயிரத்து இருநூறு

நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம், மாடியில்
அருளம்பலத்தாரின் கந்தோர்.
பிறப்புச் சான்றிதழ் முடிந்தது.
அதில் என் பெயருக்கு ஓர் எழுத்துக் கூட,
அதற்கொரு சத்தியக் கடதாசி.
கலியாணப் பதிவும் முடிந்தது.

இனி, கஜரூபனும் நானும்
வாட்ஸ்அப்பில் கதைத்தது.
சேர்ந்து இருந்தது பதினொரு நாள்.
உறவு மெய்யென்று காட்ட
மாதத்துக்கு ஒன்றாய்
இருபத்தாறு பக்கம் உருவிக்கொண்டு வந்தேன்.

"பிள்ளை, இந்த 'ம்'முக்கு
இங்கிலீசில என்ன போடுறது?"

சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறார்,
பக்கத்துக்கு ஏழெட்டு.

இது, ஓம்.
இது, சொல்லுங்கோ, கேக்கிறன்.
இது நித்திரை வருது.
இது அவற்ற அக்கா
சீட்டுக்காசு கேட்ட அண்டைக்கு.
கோவம் எண்டு போடலாமோ?

"விசாவுக்குப் பழுது.
ஓம் எண்டே போடுவம்."

விசிறி தாள்களைக் கிளப்புகிறது.
கல்குலேட்டரைத் தூக்கி மேலே வைக்கிறார்.

பங்குனி பதினாலு, இரவு இரண்டேகால்.
வினிப்பெக்கில் அப்போது பின்னேரம்.
அவர் எழுதியிருக்கிறார்:
இஞ்ச வந்தா உமக்குப் பிடிக்குமோ தெரியேல்லை.
அதற்குக் கீழே நான்:
ம்.

பேனை நிற்கிறது.
அருளம்பலத்தார் என்னைப் பார்க்கவில்லை,
முத்திரையின் அடியைத் துணியால் துடைக்கிறார்.

"அதை அப்பிடியே விடுங்கோ, ஐயா."

"அப்பிடியே விட்டா
அது மொழிபெயர்ப்பில்லையே, பிள்ளை."

சொல்லிவிட்டு
ஆங்கில எம் ஒன்றை மட்டும் தட்டினார்.
ஒரு புள்ளி வைத்தார்.
'மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு'
குத்தி, ஊதிக் காயவைத்தார்.

அந்தப் பக்கத்துக்கும்
காசு எடுத்தார்.