அரைப் பேர்

பிள்ளைக்காம்பராவில்தான் பயிற்சி.
தொட்டில்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு
அ ஆ எழுதிய அட்டையின் மேலேயே
ஹட்டனிலிருந்து வந்த நிரோஜினி மிஸ்
தன் தாளை ஒட்டினார்.
துரை அனுப்பினார், போனேன்.
ரோல்ஸும் தேத்தண்ணியும் உண்டென்றார்கள்.

மனசு என்றார் மிஸ்.
பின்வரிசையில் யாரோ "அங்கொடை" என்றான்.
எல்லோரும் சிரித்தோம். நானும்.
சிரிப்பு அடங்கும்வரை
மார்க்கர் மூடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:
"பேய் பிடிச்சதுன்னு சொல்லாம,
சோம்பேறின்னு சொல்லாம,
ஒரு ஆள் மாறிப்போறத
வேற எப்படிச் சொல்லுவீங்க?"
கொழுந்தென்றால் சொல்லியிருப்போம்:
அரும்பு, முற்றல், நசுங்கல், வாடல்.
ஆளுக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

தாளில் இருந்ததை எழுதிக்கொண்டேன்.
தூக்கம் கெடும்.
சோறு இறங்காது.
கைவேலை குறையும்.
அங்கே பேனா நின்றது.

நிறுவைக் கொப்பி என் சட்டைப்பையில்.
எட்டாம் நம்பர் மலை, சந்தனமேரி.
மாசியில் இருபத்திரண்டு கிலோ.
பங்குனியில் பதினெட்டு, பதினேழு.
சித்திரை மழைக்கு மலையே பொங்கியபோது
அவளுக்குப் பதினொன்று.
வைகாசி: ஒன்பது. ஏழு. வரவில்லை. ஏழு.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் கையால்
அரைப் பேர், அரைப் பேர், அரைப் பேர்.
முத்து முத்தான எழுத்து என்று
பெரிய கிளாக்கர் மெச்சுவார்.
ஒருநாள் வெறுங்கூடையைத் தராசில் மாட்டிவிட்டு
நின்றுகொண்டிருந்தாள்.
"பகிடியா?" என்று கேட்டேன்.

நேராகக் கேளுங்கள் என்றார் மிஸ்.
கேட்பதால் யாருக்கும்
அந்த நினைப்புப் புதிதாக வந்துவிடாது.
சோடி சோடியாக நடித்துப் பார்த்தோம்.
எனக்கு வாய்த்தவன்
புல்லுக்கு மருந்தடிக்கிற ஜோதிராஜ்.
"சாகலாம்னு தோணுதா?"
"சம்பளத்தன்னிக்கு மட்டுந்தான்" என்றான்.
காம்பரா அதிர்ந்தது.
அவன் சிரிக்கக் கொஞ்சம் பிந்தியது.

மறுநாள் அந்தி நிறுவை. பனி இறங்கிவிட்டது.
எல்லோரும் போகட்டும் என்று நின்றேன்.
பாடமாக்கிய வரியெல்லாம் மறந்துபோய்
"மேரி, ஒனக்கு என்னம்மா செய்யுது?"
இடுப்புப் படங்கை அவிழ்த்தபடி சொன்னாள்:
"தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ வெட்டுறீங்களே ஐயா,
மொதல்ல அது."
பிறகு, கூடை கொடியைச் சுருட்டி முடித்தபின்,
"ராத்திரி விடியவே மாட்டேங்குது."

பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்,
கூட இருங்கள் என்றிருந்தது தாளில்.
என்னிடம் பதிலே இல்லாததால்
அது ஒன்றுதான் சுலபமாக வந்தது.
கீழ் ரோட்டில் லொறி ஹோர்ன் அடித்தது.
போ என்று கைகாட்டினேன்.

புதன்கிழமை கிளினிக்.
டிக்கோயாவுக்கு இரண்டு பஸ்.
துணைக்கு மிஸ்ஸே வந்தார்.
அதே பஸ்ஸில் ஜோதிராஜும் ஏறினானாம்,
பல்வலி என்று சொல்லிக்கொண்டு.

அன்றைய பக்கத்தில்
இரண்டு பெயர்களுக்கும் நேரே
முழுப் பேர் போட்டிருக்கிறேன்.
சந்தனமேரிக்குக் கிலோ எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது.
கொப்பியைத் துரை
இன்னும் கேட்கவில்லை.