இரண்டு கானுக்கு ஒரு கெளுத்தி

பதினொரு கான்.
மூன்று மஞ்சள், எஞ்சின் ஒயில் வந்தது.
ஐந்து வெள்ளை,
ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் கழுவுகிற வாட்டிலிருந்து
சுகந்தமலர் கொண்டுவந்தாள்.
மற்றதெல்லாம் தேங்காயெண்ணெய்க் கான்.
எத்தனை தரம் சவுக்காரம் போட்டாலும்
வாவியில் விட்டதும் தன்னைச் சுற்றிச்
சின்னதாய் ஒரு வானவில் விரித்துக்கொண்டுதான் மிதக்கும்.

எங்கள் சட்டம் லேசு:
கானில் யார் பேரோ அவர்களுக்கு மீன்.
தோணி என்னுடையது, தங்கூசியும் என்னுடையது,
ஆகையால் ஐந்துக்கு ஒன்று எனக்கு.

காத்தான்குடிக் கோழிக்கடைக் குடலை
ஒரு பகல் முழுக்க வெயிலில் போட்டு வைத்தேன்.
நாயும் விலகிப் போனது.
கெளுத்திக்குக் கண் சும்மா பேருக்கு,
மீசைதான் மூக்கு, மீசைதான் நாக்கு.
சேற்றில் கிடந்தபடியே
அடுத்த வளவுச் சமையலை அறியும்.

பொழுதுபட அம்பிளாந்துறைத் துறையடியில் இருந்து
சவள் வலித்துப் போய்,
கண்ணாப் பற்றைக்கு ஒரு கல்லெறி தள்ளி
ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
பாரத்துக்குப் பழைய ஸ்பார்க் பிளக்.
தூண்டில் அடிச்சேற்றைத் தொடாமல்
ஒரு சாண் மேலே தொங்கவேண்டும்,
அதுதான் கணக்கு.

பிறகு எனக்கு வேலையில்லை.
கான்தான் மீன் பிடிக்கும்.
இழுத்தால் தாழும், விட்டால் எழும்,
மறுபடி இழுத்தால் மறுபடி தாழும்.
கோபமே வராத ஒன்றோடு
எவ்வளவு நேரம்தான் சண்டை பிடிக்கிறது?
விடிவதற்குள் மீன் களைத்துப்போகும்.

விடிய எண்ணினேன்.
ஒன்பது.

ஒன்பதில் நாலு மீன், ஒரு நண்டு,
ஒன்றில் யாரோ கழற்றி எறிந்த செருப்பு வார்.
மிச்சம் இரண்டையும் காணோம்.
மகிழடித்தீவுப் பக்கம் கையை வைத்துப் பார்க்க,
வெள்ளை ஒன்றும் மஞ்சள் ஒன்றும்
தோளோடு தோள் இடித்தபடி
காற்றுக்கு எதிராய்ப் போய்க்கொண்டிருந்தன.

காற்றுக்கு எதிராய்ப் போகிற கானை
எங்கும் நம்பலாம்.
துரத்தினேன்.
கிட்டப் போனால் இரண்டும் முங்கும்,
வெகு தூரம் தள்ளி 'புளுக்' என்று வரும்,
வெள்ளை முதல், மஞ்சள் பிறகு.
ஆற்றுவாழை அடைத்த இடத்தில்தான் பிடிபட்டது.

மூன்றரைக் கிலோ இருக்கும்.
ஒரு வாய்க்குள் இரண்டு தூண்டில்.

வெள்ளைக் கானில் பவளக்கொடி என்று எழுதியிருந்தது.
மஞ்சளில் அழகரெத்தினம்.

போன மாரிக்கு அழகரெத்தினம்
ஏழு லோட் கிறவல் கொட்டி வளவை உயர்த்தினார்.
வந்த வெள்ளம் அவர் வாசலைப் பார்த்துத் திரும்பி
பவளக்கொடியின் அடுப்புக்குள் ஏறிக்கொண்டது.
அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை,
வேலிக்கு மட்டும்தான் திட்டு விழும்.

துறையடியில் இரண்டு பேரும் நின்றார்கள்.
ஆளுக்கொரு சட்டி.
நடுவில் மூன்று ஆள் படுக்கிற இடம்.

எது முதல் விழுங்கிய தூண்டில் என்று
வயிற்றைக் கீறினால் தெரியும்.
எனக்குத் தெரிய விருப்பமில்லை.

தூக்கிக் காட்டினேன். மீன் பேசத் தொடங்கியது.
கெளுத்தி கரையில் பேசும், கேட்டிருப்பீர்கள்,
கர்க் கர்க் என்று,
கதவுக் கீல் மாதிரி.
அவரைப் பார்த்துக் கொஞ்சம், அவளைப் பார்த்துக் கொஞ்சம்.
பேசியபடியே உடம்பை முறுக்கி
என் உள்ளங்கையில் முள்ளை ஏற்றியது.

"சுடுதண்ணிக்குள்ள கைய வைகா!"

இரண்டு குரல். ஒரே சொல். ஒரே நேரம்.

சொன்ன இரண்டு பேரும்
பிழையான வீட்டுக்குள் கால் வைத்தவர்கள் போல
வாயை மூடிக்கொண்டார்கள்.
மீன் மட்டும் நிறுத்தவில்லை.

இடக்கையால்தான் வெட்டினேன், கோணலாய்.
தலைப்பக்கம் அவருக்கு, வால்பக்கம் அவளுக்கு.
நடுத்துண்டு எனக்கு.
சட்டத்தில் அப்படி இல்லைதான்.
கை வலித்தது.