பிறகு நினைவூட்டு

சாஸ்கட்டூன், ஜனவரி, மைனஸ் முப்பத்து நாலு.
கடைக் கண்ணாடிக்கு உள்பக்கமும் பனி பூத்திருக்கிறது.
மடிக்கணினியை எழுப்புகிறேன்.
அது எழுந்து முகம் கழுவி வருவதற்குள்
நான் தேநீர் போட்டுக் குடித்து
கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம்.

எழுந்ததும் அதே பேச்சு:
உங்கள் இயங்குதளத்துக்கு ஆதரவு முடிந்துவிட்டது.
எனக்கும்தான் என்று சொல்லி
‘பிறகு நினைவூட்டு’ அழுத்துகிறேன்.
மூன்று வருடமாக எங்களுக்குள் இதுதான் காலை வணக்கம்.

பன்னிரண்டு வயது இதற்கு.
ஓ என்ற ஆங்கில விசை தெறித்துப்போன இடத்தில்
ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டியிருக்கிறேன்,
அதுவும் பார்க்க ஓ மாதிரிதான் இருக்கிறது.
சுவரோரம் நிற்கும் ஆறு ஊசி எம்பிராய்டரி எந்திரத்துக்கு
இதன் பேச்சு மட்டுமே புரியும்.
ஹாக்கிச் சட்டைகளின் முதுகில் பெயர் தைக்கிறேன்,
எழுத்துக்கு நாலு டாலர்.

இந்த வாரம் வங்கியிலிருந்து கடிதம்:
வெள்ளிக்கிழமைக்கு மேல் பழைய கணினிகளுக்குக் கதவு திறக்காது.
வங்கிக்குப் பழசு ஆகாது
எந்திரத்துக்குப் புதுசு ஆகாது
முறைத்துக்கொண்ட இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே
பந்தி விசாரிக்கிறவனைப் போல நிற்கிறேன்.

பக்கத்துக் கடையில் செல்போன் பழுதுபார்க்கும் ரொமெல் வந்தான்.
கவிழ்த்துப் போட்டுத் திருகாணி கழற்றி
உள்ளே ஊதினான்.
‘ஒரு ஸ்வெட்டருக்குத் தேவையான நூல் இருக்கிறதே!’
நினைவகம் கூட்டி, வட்டு மாற்றி
புதிய இயங்குதளம் போட்டால் ஓடும் என்றான்.
தையல் மென்பொருள்?
உதட்டைப் பிதுக்கினான்.
அதை எழுதிய கம்பெனியே இப்போது இல்லை.
‘ஓடலாம்.’

ஓடும் என்பதற்கும் ஓடலாம் என்பதற்கும்
நடுவே ஓர் எழுத்து.
எழுத்துக்குக் காசு வாங்குகிறவனிடம் சொல்கிறான்.

புதன் சாயங்காலம் ஒரு பெண்.
பதினேழாம் எண் சட்டையை மேசையில் விரித்தாள்.
அக்டோபரில் நான் தைத்த பெயர்தான்: கோவல்சக்.
எடுத்துவிட்டு ரீட் என்று போட வேண்டும்.
காரணம் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
வெளியே எஞ்சின் ஓடிய காரில்
பையன் தலை குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆங்கிலத்தில் கோவல்சக் ஒன்பது எழுத்து.
பிளேடு முனையால் பிரிக்க இரண்டு மணி நேரம்.
நூல் வந்துவிட்டது, ஊசி போன ஓட்டைகள் வரவில்லை.
ஆவி காட்டினேன். நகத்தால் நீவினேன்.
ரீட் நாலே எழுத்து,
அது நடுவில் உட்கார்ந்த பிறகும்
இரண்டு பக்கமும் பழைய பெயரின் காதுகள்
ட்யூப்லைட்டில் சாய்த்தால் தெரிந்தன.

வியாழக்கிழமை பையனே வாங்க வந்தான்.
வெளிப்பக்கம் பார்க்கவில்லை.
சட்டையை உள்புறமாகத் திருப்பி
புள்ளி புள்ளியாக இருந்த இடத்தை
விரலால் ஒருமுறை முழுக்கப் படித்தான்.
‘இன்னும் இருக்கு’ என்றான்.
அது குறையா இல்லையா என்று தெரியாமல்
ஐந்து டாலர் குறைத்தேன்.

அன்றிரவு பதினொன்றரை.
‘இப்போது மேம்படுத்து’ மேல் அம்பு நிற்கிறது.
விசிறி இரைகிறது.
தேன்மொழி போனில் கேட்கிறாள்:
வேண்டாம்னா வேண்டாம்னு விடு,
ஒருநாள் அது தானா நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவே?
பதில் இல்லை என்னிடம்.
சனிக்கிழமைக்குப் பதினோரு சட்டை பாக்கி.
அவற்றில் ஒன்று ஷெவ்சென்கோ. பத்து எழுத்து.

இணையத்தைத் துண்டித்தேன்.
இனி இது உலகத்தோடு பேச வேண்டாம்,
ஊசியோடு பேசினால் போதும்.
மூலையில் வைஃபை விசிறியின் மேல்
ஒரு சின்னச் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது.

வெள்ளிக்கிழமை காசோலைகளை உள்சட்டையில் செருகி
இருபதாம் தெருவில் எட்டு பிளாக் நடந்தேன்.
மூக்கு மயிர் உறைந்தது.
வங்கிப் பெண் நல்லவள்.
ரசீதில் முத்திரை குத்திக்கொண்டே சொன்னாள்:
‘இதையெல்லாம் நீங்கள் வீட்டிலிருந்தே செய்யலாமே, சார்.’

செய்யலாம் என்றேன்.