கால் எடுத்தால்

இரண்டு கையும் குழாயில்.
இடது உருட்டும், வலது அதே வேகத்தில் உருட்டும்.
ஒரு கை பிந்தினால்
கண்ணாடி பிழிந்த துணியாய் முறுக்கிக்கொள்ளும்.
தீயைக் குறைக்க மூன்றாவது கை இல்லை.
வேலந்தாவளத்தில் யாருக்கும் இல்லை,
விசாரித்துவிட்டேன்.

அதனால் கால்.

கஞ்சிக்கோட்டு இரும்புக்கடையில்
எடைபோட்டு வாங்கிய தையல் மெஷின் மிதி.
அமல்தாஸ் அடியில் ஸ்பிரிங் வைத்து
கேஸுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று என
இரண்டு வால்வை ஒரே கம்பியில் கோத்தான்.
மிதித்தால் இரண்டும் திறக்கணும்.
விட்டால் நெல்மணி அளவு மஞ்சள் தீ நிற்கணும்.
"ஸ்கூட்டர் ஆக்சிலேட்டர்தானே" என்று சொல்லிக்கொண்டே
எண்ணெய்க் குப்பியை எடுத்தான். தட்டிவிட்டேன்.
ஆக்சிஜன் போகும் வழியில்
ஒரு சொட்டு எண்ணெய் போதும்,
அப்புறம் மிதி மட்டும்தான் மிச்சம்.

சிலிண்டர் என்றால் வேலை அன்றே முடிந்திருக்கும்.
மூடினால் சும்மா இருக்கிற ஜாதி அது.
என்னிடம் இருந்ததோ
பாலியேட்டிவ் கிளினிக் ஏலத்தில் எடுத்த
ஆக்சிஜன் மெஷின் இரண்டு,
நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர் வீதம்.
அதற்கு மூச்சை அடக்கத் தெரியாது.

காலை எடுத்தேன்.
பத்து விநாடி.
ஒன்று சிவப்பு விளக்கைப் போட்டுக் கூவியது.
மற்றது கூவவில்லை,
ட்யூபைக் கழற்றி எறிந்தது.

கால் எடுத்தால் அது எங்கே போகும்?
சோற்றில் கை வைத்தால் இதே கேள்வி,
பல் தேய்த்தால் இதே கேள்வி.

மூன்றாம் நாள் பழைய வால்வைக் கழற்றி
மூன்று வாய் வால்வு போட்டேன்.
மிதித்தால் தீக்கு. விட்டால் வெளியே.
அறைக்குள் விட்டால் அறையே திரியாகும்,
அதனால் ஜன்னல் கம்பி வழியாக
ரோட்டுப் பக்கம் ஒரு ட்யூப்.
ஸ்ஸ் என்று அது
பொள்ளாச்சி பஸ்ஸுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

மெஷின் முதுகில் மணிக்கணக்கு ஓடும்.
ஒன்றில் 611.
இன்னொன்றில் 3094.
இருபத்துநாலால் வகுக்க ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டேன்.

முதல் வேலை, காலேஜ் கண்டென்சர், கழுத்து போனது.
மிதி, உருட்டு, விடு. மிதி, உருட்டு, விடு.
சில நாளில் பாதமே தீயின் நீளத்தைச் சொல்ல ஆரம்பித்தது.

மழை விட்ட செவ்வாய்.
சைக்கிளில் லாட்டரி விற்கிற சாத்துண்ணி
வாசலில் இறங்கி நின்றார்.
மைக்கை அணைத்தார்.
"இந்த சத்தம்."
மலையாளத்தில் சொன்னாரா தமிழிலா, நினைவில்லை,
இங்கே பாதி வாக்கியம் எப்போதும் எல்லை தாண்டும்.
"நாலு மாசம் இதைக் கேட்டுத்தான் தூங்கினேன்.
ஏழாவது அடியில ஒரு திக்கல் வரும், பாரு."

எண்ணினோம்.
டக், புஸ். டக், புஸ்.
ஏழில் திக்கியது.

பின்னால் பஞ்சு ஒன்று இருக்குமே,
மகள் ஞாயிறு ஞாயிறு கழுவுவாள் என்றார்.
அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.
உருவினேன். எலித்தோல் போல் தூசி.
குழாயடியில் கழுவி, காற்றில் உலர்த்தி, மாட்டினேன்.
திக்கல் போகவில்லை.
தீ மட்டும் ஒரு விரல் நீண்டு
நீலமாய் நேர்நின்றது.

அவர் தொட்டுப் பார்க்கவில்லை.
உட்காரவில்லை.
நாளைய குலுக்கலுக்கு டிக்கெட் வேணுமா என்றும் கேட்கவில்லை.
"கால் எடுத்தா அது எங்க போகும்?"
ஜன்னலைக் காட்டினேன்.

வெளியே போனார்.
கம்பிகளுக்கு அப்பால் பாதி முகம்,
சைக்கிள் பலகையில் கிளிப் போட்ட சீட்டுகள் படபடத்தன.
பீடி இருக்கா என்று கத்தினேன்.
விட்டாச்சு என்று கை ஆட்டினார்.
பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த குழாயை எடுத்தேன்.
இரண்டு கையும் நிறைந்தது.
நெல்மணித் தீக்கு முன்னால்
குளிர்ந்த கண்ணாடியைச் சும்மா
உருட்டிக்கொண்டிருந்தேன்,
கால் தரையில்.