மூன்று நிமிடம் பத்து வினாடி

அந்தக் காணொளியில் நான் பதினோரு முறை விழுகிறேன்.
நீங்கள் பார்த்தாலும் என்னைப் பார்க்க மாட்டீர்கள்.
சிவப்பு வட்டம் போட்டுக்
குகனேசனைக் காட்டியிருக்கிறோம்.
வட்டத்துக்கு வெளியே
ஒரு முழங்கால், கொஞ்சம் சேறு.
அது நான்.

பாடாங் செராய். படிவம் ஐந்து. இடப்பக்கத் தாக்குதல்.
உயரம் நூற்று அறுபத்தேழு
(எழுபது என்று எழுதினோம்).
அவன் அக்கா ரேவிகா
கூலிம் தொழிற்சாலைப் பேருந்தில்
இரவு வேலைக்குப் போகிற போக்கில்
கைப்பேசியிலேயே வெட்டி ஒட்டியது.
"முதல் இருபது வினாடிக்குள்ள கோல் வந்துரணும்.
அதுக்கு மேல அவங்க பார்க்க மாட்டாங்களாம்."
யார் சொன்னது?
யாரோ. எல்லாமே யாரோ சொன்னதுதான்:
பல்கலைக்கழகத்து ஆள் காலைப் பார்ப்பதில்லை,
கழுத்தைப் பார்ப்பார்,
பந்து வருமுன் எத்தனை தடவை திரும்புகிறாய் என்று.
பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்தால்
பேரை அடித்துவிடுவார்.
நடுவரிடம் வாயாடாதே.
சரித்திரப் பாடத்தில் தேறிவிடு.
தண்ணீர்ப் போத்தலை நீயே எடுத்து அடுக்கு.

அடுக்கினோம்.
அந்த மூன்று மாதமும்
எங்கள் போத்தல்களைப் போல ஒழுங்காய் நின்றவை
கெடாவிலேயே கிடையாது.

பதினாறு மின்னஞ்சலுக்கு ஒரு பதில்.
தேர்வு ஆட்டம், சனி காலை எட்டு, சுங்கைப் பட்டாணி.
தடுப்பாட்டக்காரர் குறைவு,
இன்னொருவரையும் கூட்டி வரலாம்.

அந்த இன்னொருவர் நான்.

ஒரே மோட்டார். முன்னால் செம்பனைக் குலை லாரி,
எங்களுக்கும் அதற்கும் நடுவே மழை.
குகனேசன் தோளுக்கு மேல் கத்தினான்,
பாதியைக் காற்று தின்றது:
"ஒரே ஒரு தடவைடா. வலப்பக்கம் போற மாதிரி
காட்டுவேன். நீ நம்பிரு."
நான் "ம்" என்றேன்.
தலைக்கவசத்துக்குள் சொல்லும் "ம்"
எதற்கும் பொருந்தும்.

அவனுக்கு மஞ்சள் மேற்சட்டை, எனக்குப் பச்சை.
இரண்டிலும் எண் இல்லை.
அந்த ஆள் காரைவிட்டு இறங்கவில்லை.
கண்ணாடித் துடைப்பான் போய் வரும் இடைவெளியில்
எங்களைத் துண்டு துண்டாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டாவது நிமிடம் வந்தான்.
வலது தோள் இறங்கியது.
இரண்டு வருடமாய் நான் ஏமாந்த தோள்.
நம்பியிருக்கலாம்.
நம்பத்தான் நினைத்தேன்.
கால் நம்பவில்லை.

பந்து என்னிடம். அவன் சேற்றில்.
எழுந்தான். இடுப்பில் கைவைக்கவில்லை. திரும்ப ஓடி வந்தான்.
காருக்குள் அந்த ஆள் குனிந்து ஏதோ எழுதினார்.
மூன்று எழுத்து இருக்கும்.
பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததாகவும் இருக்கலாம்.
மஞ்சளுக்கா, பச்சைக்கா,
இன்றுவரை தெரியாது.

திரும்பும் வழியில் சாலை விளக்குவரை பேச்சில்லை.
பிறகு இரண்டு நாசி லெமாக் வாங்கினான்,
என் பொட்டலத்திலிருந்த முட்டையை
எடுத்துத் தின்றான்.
அந்த விஷயம் அதோடு முடிந்தது.

அதற்குப் பின் தெரியாத எண்ணெல்லாம்
எங்களுக்குப் பல்கலைக்கழகம்தான்.
நிமிர்ந்து நின்று, தொண்டையைச் சரிசெய்து
"செலாமாட் பெத்தாங், என்சிக்" என்போம்.
காப்புறுதி விற்பவன்.
கடன் வேண்டுமா என்பவள்.
உங்கள் பார்சல் சுங்கத்தில் சிக்கியிருக்கிறது என்ற ஏமாற்றுக்காரன்;
அவனுக்கும் குகனேசன் நன்றி சொல்லித்தான் வைத்தான்.

ஐந்து வாரம்.

நேற்று மாலை திடலில்
கைப்பேசியைப் போத்தலில் சாய்த்துவைத்தான்.
இப்போதெல்லாம் போத்தல்கள் கண்டபடி கிடக்கின்றன.
"உனக்கும் ஒண்ணு எடுப்போம்.
பந்த எடுத்துட்டு வா. இன்னிக்கு நான் விழறேன்."
"தடுக்கிறவனுக்கு எதுக்குடா அது?"
"வா லா."

போனேன்.
நான் நெருங்குமுன்பே விழுந்தான்,
சுடப்பட்டவன் மாதிரி, இரண்டு கையும் வானத்தில்.
"இது செல்லாது" என்றேன்.
எழுந்தான். மறுபடி.
இந்த முறை நான் கடந்துபோன பிறகு.

பதினேழு வயதாகிறது, விழத் தெரியவில்லை.
பந்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன்:
கடைசிவரைக்கும் பந்தையே பாரு,
முழங்காலை முதல்ல விடு.
சேறு தானா வந்து சேரும்.