கன்னியாவில் அளவுதிருத்தம்

விடிய ஐந்தரைக்கு, குளிக்கிற சனம் வருமுன்
கன்னியாவுக்குப் போனோம்.
ஸ்கூட்டரில் நான், பின்னால் நுஸ்கி,
அவன் மடியில் ரெஜிபோம் பெட்டி,
பெட்டிக்குள் வெப்பக் கமரா.
ஒரு ஆட்டுக்குட்டியின் விலைதான்.

அதுதான் எங்கள் பெருமை.
வருகிற ட்ரோன் மலிவு.
அதை விழுத்த ஏவும் ஏவுகணையோ
ஒரு ஆஸ்பத்திரி வார்ட்டின் விலை.
நுளம்புக்குக் கோடரி வீசி
எத்தனை நாள் தாங்கும் ஒரு நாடு?
ஆகவே பிளைவூட் இறக்கை,
கடனுக்கு எடுத்த பற்றரி,
சீனன்குடாவில் வாடகைக் கொட்டில்.
ஒருமுறை பறக்கும், முட்டும், முடியும்.
பேர் வைக்கவில்லை. நம்பர் பதினேழு.

ஏழு கிணறு, ஏழு சூடு.
அளவு திருத்தவென்றே ஒரு கருவி விற்கிறார்கள்,
எங்கள் முழுக் காசையும் விழுங்கும்.
இங்கே நுழைவுச்சீட்டோடு முடிந்தது.
நான் கயிற்றில் வெப்பமானியை இறக்கி
முப்பத்தெட்டு என்பேன், நாற்பத்தொன்று என்பேன்,
"அரைப் பாகை கூடக் காட்டுது மிஸ்" என்பான் நுஸ்கி.
திருத்துவோம். அடுத்த கிணறு.

ஐந்தாவதில் குனிந்தபோது
திரைக்குள் என் கை வந்தது.
சூடானதில் அசைவதைப் பிடி
என்று நிரல் எழுதியவள் நான்தான்.
கமரா சற்றுத் தயங்கி
கிணற்றை விட்டு
என் கையின்மேல் சதுரம் போட்டது.
நுஸ்கி சிரித்தான். நானும்.

ஏழாவதை அளக்கவில்லை.
வாளியோடு சனம் வந்துவிட்டது,
திரை முழுக்கச் சதுரங்கள்.

நான் எட்டாம் வகுப்பு.
நகரம் விளக்கணைத்த ஓர் இரவு
துறைமுகத்திலிருந்து மேலே எழும்பின சன்னங்கள்,
சிவப்புக் கோடு கோடாக.
கட்டிலுக்கடியில் கிட என்றார்கள்,
ஜன்னலில் நின்றேன்.
வடிவாய் இருந்தது. சொல்லக்கூடாதுதான்.
மேலே போனவை எதையும் தொடவில்லை.
திரும்பி வந்தன.
ஒன்று எங்கள் குசினிக் கூரையால் நுழைந்து
மாப்பானைக்குள் நின்றது.
காலமை மாவை இரண்டுதரம் அரித்து
பிட்டு அவித்தா அம்மா.
வேறு மா இல்லை.
ஓட்டைக்கு அப்பா தார் வைத்தார்,
மாரிக்கு இன்னும் ஒழுகும்.

விலைப்படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி உண்டு:
மோட்டார், பசை, திருகாணி, கூலி,
நுஸ்கியின் மத்தியானச் சோறுகூட.
குறி தவறினால் விழுகிற இடத்துக்கு
வரி இல்லை.

நேற்றிரவு ஒன்று சேர்த்தேன்.
பரசூட் துணி, ஒரு சுருள்வில், நூல்,
நாலாயிரத்து இருநூறு ரூபாய்.

கொழும்பிலிருந்து அழைப்பு:
பாரம் கூடுது, விலை கூடுது, மிஸ்,
மலிவு என்றுதானே உங்களிடம் வந்தோம்.
இந்தக் கடைசி வரி என்னது,
தலைப்புக்கூட இல்லையே?

தலைப்பு இடத்தில்
குசினி என்று தட்டி
அனுப்பினேன்.

இன்னும் பதில் இல்லை.
நம்பர் பதினேழின் பசை
காய்ந்துகொண்டிருக்கிறது.