ஒட்டிவைத்த விளக்கு

கேப்டனின் வீடு என்கிறது வாசல் பலகை.
கேப்டன் எவனும் இங்கே இருந்ததில்லை என்கிறாள் ட்ரைஃபீனா,
தலையணை உறையைப் பல்லால் கவ்வியபடி.
காட் மீனுக்கு முள்ளெடுக்கும் ஒருவன்,
அவன் மனைவி, ஒன்பது பிள்ளைகள்.
கேப்டன் என்று போட்டால்
இரவுக்கு நாற்பது டாலர் கூடுதல்.

நியூஃபவுண்ட்லாந்தின் இந்த முனையில்
தோண்டினால் உடனே பாறை.
அஸ்திவாரம் கிடையாது;
மரக்கால் ஊன்றி, கொக்கு மாதிரி நிற்கின்றன வீடுகள்.
இது எதிர்த்தீவிலிருந்து மிதந்து வந்த வீடு.
சுற்றிலும் காலிப் பீப்பாய்கள் கட்டி
ஆறு படகுகள் இழுத்துவந்தன.
வழியெல்லாம் அடுப்பில் நெருப்பு அணையவே இல்லை என்று
மேசைமேல் ஒரு காகிதம் சொல்கிறது.
அணைந்துதான் போனது என்கிறாள்,
அவளுடைய மாமியார் உள்ளே இருந்தாளாம்.

முன்கதவுக்குப் படி இல்லை.
திறந்தால் ஓர் ஆள் உயரத்துக்கு வெறும் காற்று,
அதன் கீழே பாறை, அதன் கீழே அட்லாண்டிக்.
படிக்கென்று வைத்த மரம் படகுக்குப் போனது.
பிறகு பழகிவிட்டது.
சீரமைத்தவர்கள் அதைப் பாரம்பரியம் என்று விட்டுவைத்து
எச்சரிக்கைச் சீட்டு ஒன்றை ஒட்டினார்கள்.

கார்னிலியஸ் என்ற தச்சன்
பதினோரு அடுக்குச் சுவர்த்தாளை உரித்துக்கொண்டே போனானாம்.
ஏழாவது அடுக்கின் நீலப்பூக்கள் முதலாளிக்குப் பிடித்துப்போக,
வீடு அந்த வருடத்திலேயே நின்றுவிட்டது.

அலமாரியில்
தேநீர்க் கெண்டி, இஸ்திரிப்பெட்டி, மண்ணெண்ணெய் விளக்கு.
எல்லாம் பசை வைத்து ஒட்டியவை.
வந்து தங்குகிறவர்கள் பையில் போட்டுக்கொள்கிறார்களாம்.
முதல் நாளே நானும் விளக்கைத் தூக்கிப் பார்த்தேன்,
ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் இரவு காற்று வந்தது.
முதலில் இணையம், பிறகு மின்சாரம்,
பிறகு தரைக்கடியிலிருந்த வெதுவெதுப்பு.
அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்:
புகைபோக்கி கூரைக்கு மேலே மட்டும்தான் இருக்கிறது.

பின்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள் ட்ரைஃபீனா,
மழைக்கோட்டுக்குள் பழச்சாறு பாட்டிலில் மண்ணெண்ணெய்.
விருந்தாளி செத்துப்போனால்
நாலு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும் என்றாள்.
வெண்ணெய்க் கத்தியை விளக்கின் அடியில் செருகி
ஒரே நெம்பு.
அலமாரிப் பலகையிலிருந்து ஒரு சிம்பு பெயர்ந்தது.
என் நகக் கத்தரியால் திரியை வெட்டினாள்.
‘பார்வைக்கு மட்டும்’ என்று சுவரில் அறைந்திருந்த
ஒட்டுப்போட்ட போர்வையை
ஆணியோடு பிடுங்கினாள்.

டப்பா பீச் பழத்தை
ஒரே கரண்டியால் மாறிமாறித் தின்றோம்.
அவள் மகன் ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் கிணற்றில் இருக்கிறான்.
கணவனைப் பற்றிக் கேட்டேன். கரண்டியை நீட்டினாள்.
பிறகு கேப்டனின் நாற்காலியில் சாய்ந்து,
வாய் திறந்து, கடலை மிஞ்சும் குறட்டை.

நள்ளிரவில் வீடு முனகியது.
தான் மிதந்து வந்த நாளை நினைத்து என்று எழுத ஆசைதான்.
கூரையில் ஒரு தகரம், ஆணி தளர்ந்து.

விடிந்தபோது
குளிர்பதனப் பெட்டி மெல்ல இருமிவிட்டு உயிர் பெற்றது.
இருவரும் ஒரே சமயத்தில் மேலே பார்த்தோம்:
வெள்ளைச் சாயம் பூசிய உத்தரத்தில்
உள்ளங்கை அகலக் கரி.
அவள் கரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
விருந்தினர் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி,
‘வெதுவெதுப்பாக இருந்தது’ என்று எழுதிவிடுங்கள் என்றாள்.

எழுதினேன். பொய்யில்லை.

அடுத்த வாரம் யாராவது
அந்தக் கரியை அண்ணாந்து படம் எடுப்பார்கள்,
பழைய காலத்துப் புகை என்று.
அதற்கும் நாற்பது டாலர் கூட்டலாம் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
விளக்கின் அடியைத் துடைத்து, வளையமாய்ப் பசை தடவி,
தூசி விட்டிருந்த அதே வட்டத்தில் வைத்து அழுத்தினாள்.

காய ஆறு மணி நேரம் ஆகும்,
தொடாதீர்கள் என்றாள்.

கண்ணாடிக் குடுவையில் இன்னும் சூடு இருந்தது.